மூடுபனியில் தரையில் வழி தவறாமல் இருப்பது எப்படி?

ஜனவரி மாதக் காலையில் விமானத்தில் டெல்லி போய் இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஜன்னலுக்கு வெளியே பாலை ஊற்றிவைத்தது போல ஒரே வெள்ளை. தரை எது, வானம் எது என்று தெரியாது. எதிர்பாராத ஒரு நொடியில் 'தடக்' என்று சக்கரம் தரையைத் தொடும். அப்பாடா என்று எல்லாரும் செல்போனைத் தேட ஆரம்பிப்பார்கள்.

விமானி அறையில் அந்த 'அப்பாடா' இன்னும் வந்திருக்காது. அவ்வளவு அடர்த்தியான பனியில் விமானத்தை இறக்கியது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டு, அதுவே இறங்கி, அதுவே ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஓடும். ஆனால் ஓடுபாதையிலிருந்து திரும்பி, டாக்ஸிவே எனப்படும் இணைப்புச் சாலைகள் வழியாக கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை, அந்தக் கம்ப்யூட்டரால் பிரயோஜனம் இல்லை. அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரை கேப்டன் தன் கையால், தன் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டியாக வேண்டும். வானத்தில் வழி தவறாதவர்கள் தரையில் வழி தவறுவது இதனால்தான்.

பனி என்றாலே வடநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். போகியன்று பழைய பாயும் டயரும் எரிகிற புகை மார்கழிப் பனியோடு சேர்ந்துகொண்டு மீனம்பாக்கத்தில் விமானங்களை நிறுத்திவைத்த வருடங்கள் உண்டு. 2018 போகி அப்படி ஒன்று.

எவ்வளவு தெரிந்தால் 'தெரிகிறது' என்று அர்த்தம்?

விமான நிலையத்தில் 'கண்ணுக்குத் தெரியும் தூரம்' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட முடியாது. அளந்து சொல்ல வேண்டும். அதற்கு ஆர்விஆர் என்று ஓர் அளவு இருக்கிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிற்கும் விமானி, எத்தனை மீட்டர் தூரம் வரை கோடுகளையோ விளக்குகளையோ பார்க்க முடியும் என்பதுதான் அது. ஓடுபாதையின் ஓரத்தில் வைத்த கருவி காற்றில் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து இதைக் கணக்கிடும். பெரிய ஓடுபாதை என்றால் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் அளப்பார்கள். பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்காராது அல்லவா.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடுபாதை விளக்குகள் மிகப் பிரகாசமானவை. அதனால் ஆர்விஆர் 200 மீட்டர் என்று காட்டும்போது, விளக்கில்லாத ஒரு பொருள் 100 மீட்டரில்கூடத் தெரியாமல் போகலாம். அதோடு அந்தக் கருவிகள் ஓடுபாதை ஓரத்தில்தான் இருக்கின்றன. டாக்ஸிவேயின் ஒரு பள்ளமான மூலையில் பனி இன்னும் கெட்டியாகத் தேங்கி நின்றால் அந்த எண்ணுக்கு அது தெரியாது.

சர்வதேச விதிகள் இந்த நிலைமையை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. முதல் படியில் விமானிக்கும் எல்லாம் தெரியும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து வழி சொல்பவருக்கும் எல்லாம் தெரியும். இரண்டாவதில் கோபுரத்துக்குத் தெரியாது. ஆனால் விமானிக்கு எதிரே வரும் விமானம் தெரியும், ஒதுங்கிக்கொள்வார். நான்காவதில் விமானி பார்த்து ஓட்டவே முடியாது, 75 மீட்டரோ அதற்கும் குறைவோதான் தெரியும். என்னைக் கேட்டால் மோசமானது மூன்றாவதுதான். அதில் கால் எட்டுகிற தூரத்துக் கோடு தெரியும், அதனால் ஓட்ட முடியும். ஆனால் பக்கத்திலிருந்து இன்னொரு விமானம் வந்தால் பார்த்து விலகும் அளவுக்குத் தெரியாது. ஓட்ட முடிகிறது என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாக்ஸி செய்யும், அதாவது தரையில் நகர்ந்து போகும் விமானம் நேர்ப்பாதையில் சாதாரணமாக 20 நாட் வேகத்தில் போகும். மணிக்கு 37 கிலோமீட்டர், அதாவது நொடிக்குப் பத்து மீட்டர். 75 மீட்டர்தான் தெரிகிறது என்றால் கையில் ஏழரை நொடி இருக்கிறது. அதனால் வேகத்தை இன்னும் குறைத்து ஊர்ந்து போவார்கள். சரி, மறுபக்கம் ஓடுபாதையில் எகிறப்போகும் விமானம்? அது நொடிக்கு 75 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். 200 மீட்டர் தெரிந்தாலும், மூன்று நொடிகூடக் கிடையாது. அந்த வேகத்தில் பிரேக்கும் உதவாது, திருப்பவும் வழியில்லை.

காருக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஜம்போ 747இல் விமானியின் கண் தரையிலிருந்து சுமார் 28 அடி உயரத்தில் இருக்கும். மூக்குக்குக் கீழே உள்ள தரை அவருக்குத் தெரியவே தெரியாது. முன்சக்கரம் அவர் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால், திருப்பத்தில் தான் உட்கார்ந்திருக்கும் இடம் கோட்டைத் தாண்டிப் போன பிறகுதான் திருப்ப வேண்டும். வழி தவறிவிட்டால் ரிவர்ஸ் எடுக்கலாமா என்றால் அதுவும் இல்லை. இழுவை வண்டி வந்து தள்ளினால்தான் உண்டு.

தரையில் எழுதியிருப்பதைப் படிப்பது

இந்தக் குருட்டு நிலைமையில் விமானிக்குக் கைத்தடி போல உதவுவது தரையில் பதித்த விளக்குகளும் கோடுகளும்தான். அடுத்த முறை ஜன்னல் ஓரம் கிடைத்தால் நீங்களும் பார்த்துக்கொண்டு வரலாம்.

வெள்ளை என்றால் ஓடுபாதை, மஞ்சள் கோடு என்றால் டாக்ஸிவே. இரவிலும் பனியிலும் டாக்ஸிவேயின் நடுக்கோடு பச்சை விளக்குகளாக எரியும், ஓரம் நீலமாக. ஓடுபாதையின் நடு விளக்குகள் வெள்ளையாகத் தொடங்கி, கடைசி 900 மீட்டரில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்து, கடைசி 300 மீட்டரில் முழுச் சிவப்பாகும். 'பாதை முடியப்போகிறது' என்பதைக் காலடியிலேயே எழுதிவைத்த மாதிரி. ஓடுபாதையிலிருந்து விலகும்போது வளைவில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வரும். வெறும் பச்சை வந்துவிட்டால் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

ஓரத்தில் பலகைகள் இருக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் 'இப்போது நீ இருக்கும் இடம் இது'. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் 'இந்தப் பக்கம் போனால் இது'. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் அங்கே ஓடுபாதை இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

அந்தச் சிவப்புப் பலகைக்கு நேராகத் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே போகும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வருபவர் நிற்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கோட்டுப் பக்கம், அதாவது ஓடுபாதையிலிருந்து வெளியே வருபவர், தாண்டிப் போகலாம். பனி நாட்களில் இதற்கும் பின்னால், ஓடுபாதையிலிருந்து இன்னும் தள்ளி, ஏணியைப் படுக்கவைத்தது போல இன்னொரு கோடு இருக்கும். அங்கேயே நின்றுவிட வேண்டும். இடிக்காமல் இருக்க மட்டும் இல்லை இந்த இடைவெளி. தானாக இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் ரேடியோ அலையைத்தான் நம்பியிருக்கிறது. நடுவில் அறுபது டன் அலுமினியம் வந்து நின்றால் அந்த அலை பட்டுத் தெறித்துக் கோணலாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்டாப் பார். டாக்ஸிவேயின் குறுக்கே தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை அது. நம்ம ஊர் ரயில்வே கேட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிக் கட்டுவதற்குப் பதிலாக அணைப்பார்கள். கோபுரத்தில் இருப்பவர் வாயால் அனுமதி கொடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவார். சிவப்பு அணையும், அதற்கு அப்பால் பச்சை எரியும், விமானம் போன பிறகு சிவப்பு தானாகத் திரும்ப எரியும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் அனுமதி. கோபுரம் 'போ' என்று சொல்லிச் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தால், போகக் கூடாது. திரும்பக் கேட்க வேண்டும். இதில் விதிவிலக்கு பேசிப் பழகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிலானில் ஒரு கதை இருக்கிறது.

லினாட்டே, 2001 அக்டோபர் 8

இத்தாலியின் மிலான் நகரத்து லினாட்டே விமான நிலையம். காலை எட்டு மணி தாண்டியிருக்கும். நல்ல பனி. ஆர்விஆர் 200 மீட்டர் அளவில். தரையில் கண்ணுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு.

மேற்குப் பக்கத்து நிறுத்துமிடத்தில் ஒரு சிறிய செஸ்னா ஜெட், பாரிஸ் போகக் கிளம்புகிறது. ஜெர்மன் விமானிகள். அவ்வளவு குறைவாகக் கண்ணுக்குத் தெரியும் பனியில் ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவர்களிடம் இல்லை, அதை யாரும் சரிபார்க்கவும் இல்லை. அந்த இடத்திலிருந்து இரண்டு வழி பிரிகிறது. ரோமியோ 5 (ரேடியோவில் ஆர் என்ற எழுத்தை ரோமியோ என்பார்கள்) வடக்கே போய் ஓடுபாதையின் நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். ரோமியோ 6 தென்கிழக்கே போய் ஓடுபாதையை நேராகக் குறுக்கே வெட்டும். கோபுரம் சொன்னது ரோமியோ 5. விமானிகளும் 'ரோமியோ 5' என்று சரியாகத் திரும்பச் சொன்னார்கள். போனது ரோமியோ 6இல். பிரிகிற இடத்தில் தரைக்கோடுகள் தேய்ந்துபோய் இருந்தன.

இங்கேதான் மனதைப் பிசைகிற விஷயம் வருகிறது. தப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்த ஒரு வாய்ப்பு வந்தது. தாங்கள் 'சியர்ரா 4'ஐ நெருங்குவதாகச் செஸ்னா விமானிகள் ரேடியோவில் சொன்னார்கள். தரையில் அப்படி எழுதியிருந்தது, பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் குறியீடு வரைபடங்களில் இல்லை. கோபுரத்தில் இருந்தவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவர் மனசுக்குள் செஸ்னா வடக்கே, ரோமியோ 5இல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, டாக்ஸியைத் தொடரச் சொன்னார். விமானிகள் தொடர்ந்தார்கள். எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகளைத் தாண்டினார்கள். அந்த விளக்குகளை ஏற்றவோ அணைக்கவோ கோபுரத்தில் பொத்தான் கிடையாது. எப்போதும் எரியும் சிவப்பு யாரைத்தான் நிறுத்தும்?

அதே நேரம் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 விமானம் கோபன்ஹேகன் போக ஓடுபாதையில் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. எகிறும் தருணத்தில் இரண்டும் மோதின. எம்டி-87 வலது எஞ்சினை இழந்து, சில நொடிகள் மட்டும் மேலே இருந்து, பிறகு ஓடுபாதைக்கு அப்பால் இருந்த பயணப்பெட்டிகள் கையாளும் கட்டடத்தில் போய் மோதியது. அதில் இருந்த 110 பேர், செஸ்னாவில் 4 பேர், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேர் என்று 118 உயிர்கள்.

தரையில் நடமாடுவதைக் காட்டும் ரேடார் அங்கே இல்லையா என்று கேட்பீர்கள். பழைய ரேடாரை 1999இலேயே நிறுத்திவிட்டார்கள். புதியது இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஓடுபாதைக்குள் யாராவது நுழைந்தால் எச்சரிக்கும் உணரிகள் இருந்தன, அவற்றையும் அணைத்து வைத்திருந்தார்கள். விமானிகள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டது உண்மைதான். ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டவரைத் தடுத்து நிறுத்த அந்த விமான நிலையத்தில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விமானிகள் மேல் வருவதைவிட அந்தத் தேய்ந்த கோட்டின் மேல்தான் கோபம் வருகிறது. பெயிண்டுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இப்போது என்ன செய்கிறார்கள்

பனி இறங்கத் தொடங்கினால் விமான நிலையம் ஒரு தனி நடைமுறைக்கு மாறும். அவசியமில்லாத வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டுவார்கள். ஒரே நேரத்தில் நகரும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே இடைவெளி கூடும். உங்கள் விமானம் வானம் கொஞ்சம் தெளிந்த பிறகும் கிளம்பாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிசைதான். பக்கத்து விமானம் மட்டும் போகிறதே என்றால், அதன் விமானிகளுக்கு அந்த அளவு பனிக்கான பயிற்சியும் இருக்கும், அந்த விமானத்தில் அதற்கான கருவியும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பெரிய நிலையங்களில் தரை ரேடாரோடு, ஒவ்வொரு விமானமும் வெளியிடும் அடையாளச் சமிக்ஞையைப் பல இடங்களில் வாங்கிக் கணக்கிட்டு, எந்த விமானம் எந்த மூலையில் இருக்கிறது என்று பெயரோடு திரையில் காட்டும் ஏற்பாடு வந்துவிட்டது. சிங்கப்பூர் சாங்கியில் இன்னும் ஒரு படி மேலே: உங்கள் விமானம் போக வேண்டிய வழியில் மட்டும் பச்சை விளக்குகள் எரியும். 'பச்சையைப் பின்தொடருங்கள்' என்று சொன்னால் போதும். அல்ஃபா, பிராவோ என்று நீளமான வழிப்பட்டியலை எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த வசதி இல்லாத இடத்தில் ஒரு வண்டி முன்னால் வந்து 'என் பின்னால் வா' என்று வழிகாட்டிக் கூட்டிப்போகும். பழைய முறைதான், ஆனால் பனியில் அதைவிட நிம்மதியான காட்சி கிடையாது.

விமானி அறைக்குள்ளும் ஒழுங்கு உண்டு. ஒருவர் வெளியே மட்டும் பார்ப்பார், மற்றவர் வரைபடத்தில் விரல் வைத்து ஒவ்வொரு திருப்பத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே வருவார். கிளம்பும் முன் செய்ய வேண்டிய சரிபார்ப்புகளை நகரும்போது செய்ய மாட்டார்கள், நிறுத்திவிட்டுத்தான் செய்வார்கள். ஊர்க் கதை, சம்பளக் கதை எல்லாம் பத்தாயிரம் அடிக்கு மேல்.

அப்புறம் பேச்சு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், மேகம் இறங்கி மூடிய ஓடுபாதையில் இரண்டு 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் இன்னும் டாக்ஸி செய்துகொண்டிருந்தது. கேஎல்எம் விமானி அறையிலிருந்து வந்த 'டேக் ஆஃப்' என்ற சொல்லைக் கோபுரம் 'தயாராக நிற்கிறோம்' என்று புரிந்துகொண்டது. அவர்கள் சொன்னதோ 'கிளம்பிவிட்டோம்'. கோபுரம் 'காத்திருங்கள்' என்று சொன்னதும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நொடியில் மோதிக்கொண்டு, கேஎல்எம் காதில் வெறும் கீச்சென்ற சத்தமாக விழுந்தது. அன்றிலிருந்து 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறு எங்கும் சொல்லக் கூடாது என்று ஆயிற்று. மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்வார்கள். 'ஓகே', 'சரி' என்று தலையாட்டினாலும் போதாது, எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்களோ அதன் எண்ணோடு அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும்.

எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால்? விதி ரொம்பச் சின்னது: நில், வாயைத் திறந்து சொல். ஓடுபாதைக்குள் நிற்கிறோமோ என்று சந்தேகம் என்றால் அதையும் உடனே சொல்.

1999 டிசம்பர் 6 இரவு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் அப்படித்தான் நடந்தது. கெட்டிப் பனி. இறங்கிய யுனைடெட் 757 ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு, பயன்பாட்டில் இருந்த ஓடுபாதைக்கே திரும்ப வந்து நின்றுவிட்டது. தாங்கள் ஓடுபாதையில் இருப்பதாகச் சொன்னார்கள். கோபுரத்தில் இருந்தவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, அவர்கள் வேறெங்கோ இருப்பதாகவே நினைத்தார். அதற்குள் ஒரு ஃபெட்எக்ஸ் விமானம் அவர்களை ஒட்டினாற்போல எகிறிப் போய்விட்டது. யாரோ இப்போதுதான் கிளம்பிப் போனார்கள் என்று யுனைடெட் விமானிகள் பதறிச் சொன்ன பிறகும், அடுத்து நின்ற யுஎஸ் ஏர்வேஸ் விமானத்துக்கு அதே ஓடுபாதையில் கிளம்ப அனுமதி கிடைத்தது.

அந்த விமானிகள் ரேடியோவில் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அனுமதியை ஏற்கவில்லை. கோபுரம் மறுபடி சொன்னது. மறுபடியும் மறுத்தார்கள். யுனைடெட் கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்று சொல்லிவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி பனிக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.